வைட்டமின் டி பள்ளத்தை நிரப்பும், மேடு கட்டாது

மணிக்கட்டு உடைந்து வந்திருந்தார் அந்த அம்மா. வயது 71. மாவுக்கட்டு போட்டு முடித்ததும், பையிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். "எனக்கு எப்படி டாக்டர் எலும்பு உடையும்? வைட்டமின் டி 46 இருக்கே, பாருங்க."

நியாயமான கேள்வி. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 நானோகிராம் இருந்தாலே போதும் என்பது கணக்கு, இவருக்கு 46. மூன்று வருஷமாக விடாமல் மாத்திரை சாப்பிட்டவர். ஆனால் அந்த மூன்று வருஷத்தில் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்சா ஸ்கேன் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. வலது கண்ணில் புரை. ராத்திரி இரண்டு முறை பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். தூக்க மாத்திரை வேறு. விழுந்தது அப்படி ஒரு ராத்திரியில்தான்.

எலும்பு முறிவுகளைப் பார்ப்பதே என் வேலை. வயதான பெண்களில் டி குறைந்திருப்பதே தெரியாமல் வருகிறவர்கள் எப்போதும் உண்டு. டி சரியாக இருப்பதால் எலும்பும் சரியாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதைவிட அதிகமோ என்று தோன்றுகிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

வைட்டமின் டி நேராக எலும்புக்குள் போய் உட்காருவதில்லை. அதன் முக்கியமான வேலை குடலில். சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தில், டி போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம் வரை குடல் உறிஞ்சும். மிகவும் குறைந்துபோனால் 10 முதல் 15 சதவீதம்தான். ரத்தத்தில் கால்சியம் குறைவதை உடம்பு பொறுத்துக்கொள்ளாது, இதயமும் நரம்பும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் உடனே ஹார்மோனைச் சுரந்து, எலும்பின் சேமிப்பில் கைவைக்கும். டி குறைந்தால் எலும்பு இளைப்பது இந்த வழியாகத்தான்.

பெண்களுக்கு இதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருக்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பைக் கரைக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. முதல் ஐந்து முதல் ஏழு வருஷங்களில் எலும்பின் அடர்த்தி 20 சதவீதம் வரைகூடக் குறையலாம். அப்புறம் தோல். வெயிலில் டி தயாரிக்கும் திறன் 70 வயதில் இளம் வயதில் இருந்ததில் கால் பங்குக்கு வந்துவிடும். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டி தயாரிக்கத் தேவையான புற ஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. சூடு மட்டும்தான் மிச்சம்.

சரி, மாத்திரை சாப்பிட்டால் எலும்பு உடையாதா? முப்பது வருஷ ஆராய்ச்சி சொல்லும் பதில் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். யாரிடம் ஆய்வு செய்தார்கள் என்று பார்த்தால் முரண் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பிரான்ஸில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களிடம் செய்த ஒரு ஆய்வு 1992-ல் வெளிவந்தது. சராசரி வயது 84. வெயில் அதிகம் படாதவர்கள், டி அளவும் குறைவு, சாப்பாட்டில் கால்சியமும் குறைவு. பாதிப் பேருக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தை முடித்தவர்களில் இடுப்பு எலும்பு முறிவு, மருந்து பெறாதவர்களைவிட 43 சதவீதம் குறைந்திருந்தது. அன்றிலிருந்துதான் உலகெங்கும் கால்சியம், டி மாத்திரைகளுக்கு மவுசு.

2006-ல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. 1,000 மில்லிகிராம் கால்சியம், 400 யூனிட் டி, சராசரியாக ஏழு வருஷம். இடுப்பில் அடர்த்தி ஒரு சதவீதம்போலக் கூடியது. இடுப்பு எலும்பு முறிவில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் கூடியது. ஆனால் அந்தப் பெண்கள் ஏற்கெனவே சாப்பாட்டிலும் சொந்தமாக வாங்கிய மாத்திரையிலும் போதுமான கால்சியம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். 2022-ல் வந்த வைட்டல் ஆய்வு இன்னும் தெளிவு. 25,871 பேர், பாதிக்குப் பாதி பெண்கள். தினம் 2,000 யூனிட், ஐந்து வருஷத்துக்கு மேல். எலும்பு முறிவு குறையவே இல்லை. தொடக்கத்திலேயே அவர்களுடைய சராசரி டி அளவு மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்?

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஆஸ்திரேலியாவில் இருந்து 2010-ல் வந்த முடிவு. 70 வயது தாண்டிய 2,256 பெண்கள். தினம் மாத்திரை சாப்பிட மறந்துபோகிறார்கள், வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துவிட்டால் என்ன என்பதுதான் யோசனை. நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. கடைசியில் மருந்து எடுத்தவர்கள் 15 சதவீதம் அதிகமாகக் கீழே விழுந்தார்கள், எலும்பு முறிவும் 26 சதவீதம் கூடியது. மருந்து கொடுத்த முதல் மூன்று மாதங்களில்தான் விழுவது மிக அதிகம். பிறகு கனடாவின் கால்கரியில் மூன்று வருஷம் தினமும் 10,000 யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, 400 யூனிட் எடுத்தவர்களைவிட எலும்பின் அடர்த்தி குறைவாகவே இருந்தது. "வலுவான டோஸா ஒண்ணு போட்டுவிடுங்க டாக்டர்" என்று கேட்கிறவர்களிடம் இந்த இரண்டையும்தான் சொல்கிறேன். சிலர் என்னைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இதற்காக டி வேண்டவே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் வந்த இன்னொரு அம்மாவைச் சொல்கிறேன். முதுகு, இடுப்பு, தொடை என்று ஒரு வருஷமாக வலி. வாதம் என்று ஒருவர், மனச்சோர்வு என்று இன்னொருவர். நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை, வாத்து மாதிரி இருபுறமும் அசைந்து நடந்தார். இரண்டு வருஷமாக வீட்டைவிட்டு வெளியே போனதே இல்லை. ரத்தத்தில் டி 6. எலும்பில் கோளாறு இருந்தால் ரத்தத்தில் கூடும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏகத்துக்கும் ஏறியிருந்தது. இது எலும்பு மெலிவு அல்ல, எலும்பு மென்மையாகிப்போகும் நோய், ஆஸ்டியோமலேசியா. இங்கே டி உணவுச்சத்து இல்லை, மருந்து. சில மாதங்களில் அவர் கை ஊன்றாமல் எழுந்து நின்றார். சிகிச்சை பலித்ததை இவ்வளவு கண்ணெதிரே பார்க்கும் வாய்ப்பு எங்கள் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை.

மணிக்கட்டு உடைந்த அம்மாவுக்கு இருந்தது வேறு. ஸ்கேனில் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரோடு ஒப்பிட்ட எலும்பு அடர்த்தி, மைனஸ் 3.1. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்பு மெலிவு நோய், ஆஸ்டியோபொரோசிஸ். (இந்த 'டி'க்கும் வைட்டமின் டிக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.) அவருக்குத் தேவை எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து. அந்த மருந்துக்கும் அடித்தளமாக டி வேண்டும். டி குறைவாக இருக்கும்போது அந்த வகை மருந்தான சோலெட்ரோனிக் அமில ஊசியைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அதனால் முதலில் டியைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசி. அடித்தளம் போட்டதையே வீடு கட்டி முடித்ததாக நினைத்துவிட்டார், அவ்வளவுதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யாரும் விளக்கவில்லை.

எவ்வளவு எடுக்கலாம்? 70 வயது வரை நாளுக்கு 600 யூனிட், அதற்கு மேல் 800 என்பது அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் பரிந்துரை. மேல் எல்லை 4,000. ரத்தத்தில் 20 நானோகிராமைப் போதுமான அளவாக எடுத்துக்கொண்டது அந்த நிறுவனம். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக டி பரிசோதனை செய்ய வேண்டாம் என்று 2024-ல் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டியே சொல்லிவிட்டது. 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலே சப்ளிமெண்ட் கொடுக்கலாம் என்கிறது. 50 வயதுக்கு மேல் விட்டு விட்டுப் பெரிய டோஸைவிடத் தினமும் சிறிய டோஸே மேல் என்பதும் அதன் கருத்து. வலியோடு வருகிறவர், எலும்பு உடைந்தவர், வீட்டைவிட்டு வெளியே வராதவர், வலிப்பு மாத்திரை எடுப்பவர், குடல் நோய் உள்ளவர் ஆகியோருக்கு நான் பரிசோதிக்கிறேன். மற்றவர்களுக்கு எழுதுவதில்லை.

கடைசியாக, பையைக் கொட்டிக் காட்டச் சொல்லும் வழக்கம் ஒன்று எனக்கு உண்டு. கால்சியம் மாத்திரையில் டி, மல்டிவைட்டமினில் டி, மூட்டுக்கென்று வாங்கிய பொடியில் டி, இதற்கு மேல் வாரம் ஒரு கேப்ஸ்யூல். வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், குழப்பமான பேச்சு என்று கால்சியம் ஏறிப்போய் வந்தவரையும் பார்த்திருக்கிறேன். அந்த 71 வயது அம்மாவின் பையில் இருந்து நான்கு டப்பாக்கள் வந்தன. மூன்றை எடுத்து ஓரமாக வைத்தேன், கண் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், தூக்க மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். "டி மாத்திரையை நிறுத்தவா டாக்டர்?" என்றார். வேண்டாம், அந்த நாலாவது டப்பா இருக்கட்டும் என்றேன்.