மான் மேயும் மலையில் மூங்கில் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஜப்பான் போனபோது நாராவில் மான்களுக்கு பிஸ்கட் ஊட்டிவிட்டு, அதே மாநிலத்திலுள்ள ஒடைகஹாரா மலைக்கும் போனாராம். அங்கே வெளுத்துப்போன பட்டமரங்கள், கீழே கண்ணுக்கெட்டிய வரை குட்டை மூங்கில். ‘தீப்பிடித்த காடா?’

இல்லை. 1959-இல் இசே வளைகுடாப் புயல் அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. தரையில் வெயில் விழுந்து பாசி காய, குட்டை மூங்கில் இடத்தைப் பிடித்தது, அதைத் தின்று சிக்கா மான் பெருகியது. அதைப் பிடித்துத் தின்ன ஓநாயும் இல்லை, ஜப்பானின் கடைசி ஓநாய் 1905-லேயே போய்விட்டது. மிஞ்சிய மரங்களின் பட்டையையும் மான்கள் உரித்தன. பட்டைக்கு உள்பக்கம் சர்க்கரையைக் கடத்தும் புளோயம் என்ற திசு இருக்கிறதே, அது சுற்றிலும் வளையமாகப் போய்விட்டால் இலையில் தயாரான சர்க்கரை வேருக்கு இறங்காது. ஆனால் உள்ளே கட்டையில் இருக்கும் சைலம் என்ற திசு தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும், அதனால் மரம் கொஞ்ச காலம் பச்சையாகவே நின்று ஏமாற்றும்.

சரி, மூங்கிலையும்தானே மான் தின்கிறது? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்: எல்லாம் மொட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுசுதாகே என்ற மூங்கிலுக்கு மொட்டு தண்டின் மேல்பகுதியில், மான் வாய்க்கு எட்டும் இடத்தில். திரும்பத் திரும்பக் கடித்தால் அது காலி. மியாகோசாசாவுக்கோ மொட்டு மண்ணோடு மண்ணாக அடியில் இருக்கிறது, எத்தனை தடவை வெட்டினாலும் கிளம்பி வரும் நம்ம லாலாங் புல் மாதிரி. மேய மேய அது உயரத்தைக் குறைத்து, இலையையும் சிறிதாக்கிக்கொண்டு கணுக்கால் மட்டத்தில் பிழைத்துக்கொள்ளும். மர நாற்றுக்கு அந்த வசதி கிடையாது, நுனி போனால் பெரும்பாலும் கதை முடிந்தது.

அப்போ வேலி போட்டு மானைத் தடுத்தால் போதாதா? போட்டார்கள். உள்ளே மூங்கில் உயரமாக வளர்ந்து நாற்றுகளுக்கு வெளிச்சத்தை மறைத்தது! இந்த மாதிரிச் சிக்கலெல்லாம் பல வருடம் காத்திருந்தால்தான் தெரியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஆராய்ச்சி மானியம் கொடுத்துவிட்டு ‘முடிவு எங்கே’ என்று கேட்பவர்கள் மரம் வளர்ந்து பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

நம் மலேசியாவில் நிலைமை தலைகீழ். வேட்டையில் சாம்பார் மான் குறைந்து, புலிக்கே இரை தட்டுப்பாடு. இங்கே இளங்கன்றுகளை அழிக்கும் வேலையைக் காட்டுப்பன்றி செய்கிறது: நெகிரி செம்பிலான் பாசோ காட்டில், பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பழத்தைத் தின்று பெருகிய பன்றிகள், குட்டி ஈனக் கூடு கட்டுவதற்காக ஒரு கூட்டுக்கே நூற்றுக்கணக்கான கன்றுகளை ஒடித்துக் குவிக்கின்றன.