உயிரியல் கணினியா, உயிர்க்கணினியா?

உயிருள்ள ஒன்றைக் கொண்டு கணிக்கும் 'பயோகம்ப்யூட்டர்' என்பதை 'உயிரியல் கணினி' என்று எழுதும் வழக்கம் யாழ்ப்பாணத்து மேடைகளிலும் அறிவியல் பக்கங்களிலும் வேரூன்றிவருகிறது. இசை பற்றிய பேச்சிலும் அது புகுந்துவிட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

'பயோ' கிரேக்கம், வாழ்வு, உயிர் என்று பொருள். 'கம்ப்யூட்டர்' இலத்தீன் வழி வந்தது, கணிப்பது. தமிழில் 'கணி' என்ற வேர் இருக்கிறது. அவ்வளவுதான்.

பொருளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் எடுவார்டோ மிராண்டா 'பைசாரம் பாலிசெபலம்' என்ற மஞ்சள் நிற உயிரியைக் கொண்டு இசை செய்தார். அது ஒரே கலம். உள்ளே எண்ணற்ற கருக்கள். (பலரும் அதைப் பங்கசு என்கிறார்கள். அது பங்கசு அன்று.) தன்னூடாக முன்பு சென்ற மின்னோட்டத்தைப் பொறுத்து மின்தடையை மாற்றிக்கொள்ளும் மின்சுற்று உறுப்பு ஒன்று உண்டு என்று 1971இல் மின்பொறியியலாளர் லியோன் சுவா கணித்தார். நினைவுள்ள தடையி என்று சொல்லலாம். பைசாரம் ஏறத்தாழ அப்படி நடந்துகொள்கிறது. 2015இல் மிராண்டா வாசித்த பியானோச் சுரங்கள் மின்னழுத்தமாக அதற்குள் சென்றன. வெளிவந்த மின்னோட்டம் சுரங்களாக மாறி, மின்காந்தங்கள் வழியே அதே பியானோவின் தந்திகளை அதிரவைத்தது.

இங்கே கணிப்பது உயிர். உயிரியல் அன்று. '-இயல்' என்றால் துறை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் 'உயிரியல் கணினி' என்று சொல்லுங்கள்; பாடசாலை ஆய்வுகூடத்து மேசையில் இருக்கும் கணினியைத்தான் நினைக்கும். உயிரியல் ஆசிரியர், உயிரியல் வினாத்தாள், உயிரியல் கணினி! 'பயோலொஜிக்கல்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் துறையையும் உயிரையும் சேர்த்துக் குறிக்கும். தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதல் சொல்லை எடுத்துவிடுகிறார். இப்படித்தான் உடற்கடிகாரம் 'உயிரியல் கடிகாரம்' ஆனது. பெற்ற தாயைக்கூட 'உயிரியல் தாய்' என்று எழுதுகிறார்கள். படிக்கும்போது நெஞ்சு எரிகிறது.

'உயிர்க்கணினி' என்றால் உயிர்த்தோழன் போல நெருக்கமான கணினி என்று பொருள்படாதா என்று கேட்பவர்கள் உண்டு. உயிர்வாயுவை யாரும் நெருக்கமான வாயு என்று எண்ணவில்லை. உயிர்ச்சத்து, உயிர்க்கோளம் ஆகியவற்றிலும் குழப்பமில்லை. இச்சொற்களின் வரிசையில் உயிர்க்கணினி இயல்பாக நிற்கிறது, ஓரெழுத்தும் மிகையில்லை. அதில் பிறக்கும் இசையை 'உயிர்க்கணினி இசை' என்றே எழுதலாம்.