புது பைக்கை மலைக்குப் பழக்குவது

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்த பிறகு, நம்முடைய மலையகப் பக்கம் புது பைக்குகள் நிறையக் கண்ணில் படுகின்றன. அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை என்று எந்த டவுனுக்குப் போனாலும் சீட்டின் பொலித்தீன் உறையைக்கூடக் கழற்றாத வண்டி ஒன்று கடை வாசலில் நிற்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் அப்பாவுக்கு எடுத்துக் கொடுத்தது, தோட்டப் பாடசாலைக்குப் போகிற டீச்சர் லீசிங்கில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பல மாதச் சேமிப்பு இருக்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பைக் திருத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷோரூமிலிருந்து வெளியே வரும் வண்டி, நடுத்தர உடம்புள்ள ஒருவர் தனியாக, சாதாரண ரோட்டில் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே தனியாகப் போகிறவர் எத்தனை பேர்? பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, ஹேண்டிலில் மரக்கறிப் பை. ரோடும் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதனால் மலையில் ஓட்டப் போகிற பைக்கை வாங்கிய முதல் வாரத்திலேயே உங்கள் உடம்புக்கும் பாரத்துக்கும் ரோட்டுக்கும் பொருந்துகிற மாதிரிச் சரிசெய்து வைக்க வேண்டும். இதில் முக்கால்வாசிக்குக் காசே தேவையில்லை. சீட்டுக்குக் கீழே கம்பெனி வைத்துக் கொடுத்திருக்கும் டூல்ஸ் பை போதும்.

புது வண்டியை எடுத்தவர்கள் முதலில் வந்து சொல்வது, "அண்ணே, ஏத்தத்துல இழுக்குதில்ல" என்பதுதான். வண்டியில் பிழை இருக்கிறது என்று பயந்துவிடுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் உள்ளே இழுக்கும் காற்றில் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைவு. கொழும்பில் 10 குதிரைவலு தரும் எஞ்சின் இங்கே 8க்குக் கிட்டத்தான் தரும். இன்ஜெக்ஷன் வண்டி என்றால் பெற்றோலை அதுவே அளந்து குறைத்துக்கொள்ளும். காபரேட்டர் வண்டி குறைக்காது. காற்று குறைய, பெற்றோல் கூடி, பிளக் கறுப்பாகப் புகை பிடிக்கும். அதற்காக யாராவது சொன்னார்கள் என்று காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றிவிடாதீர்கள். அதே வண்டியில் அவிசாவளைக்கு இறங்கினால் அங்கே பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடாகும். ஒரு கியர் குறைத்துப் போட்டு ஏறுங்கள், அவ்வளவுதான். புது எஞ்சினை நான்காம் கியரில் திணறத் திணற ஏற்றுவது, கொஞ்சம் சத்தமாக மூன்றாம் கியரில் ஏற்றுவதைவிடக் கெடுதல்.

அடுத்த முறைப்பாடு, முன் சில்லு திரும்ப மறுக்கிறது என்பது. றம்பொடைப் பக்கம் கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது, திருப்பினாலும் வண்டி அகலமாக வெளியே போகிறது என்பார்கள். எதிரே பஸ் வரும் ரோட்டில் இது விளையாட்டான விஷயம் இல்லை. காரணம் பெரும்பாலும் பின் சொக், அதாவது பின் சில்லின் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் போட்ட பாகம். பின்னால் பாரம் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கி வண்டியின் வால் தாழ்ந்துவிடுகிறது, ஏற்றமும் சேர்ந்து முன் சில்லில் இருந்த பாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, முன் டயர் ரோட்டைப் பிடிக்கும் பிடி குறைகிறது.

பின் சொக்கில் ஸ்பிரிங்கின் ஒரு முனையைப் பாருங்கள். படி படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். பல வண்டிகளில் ஐந்து படி. கொக்கி மாதிரி வளைந்த ஸ்பானர் டூல்ஸ் பையில் இருப்பது இந்த வளையத்தைத் திருப்பத்தான். வண்டி பழசாகி விற்கும் நாள் வரை அதைக் கையில் எடுக்காதவர்கள் நிறையப் பேர்.

செய்முறை இதுதான். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டுப் பின் சில்லை அந்தரத்தில் விடுங்கள். பின் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே, சீட்டுக்குக் கீழே உள்ள ஒரு போல்ட் வரைக்கும் டேப் பிடித்து அளவை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாகப் போகிற இரண்டு பேரும் ஹெல்மட்டோடு, பையோடு ஏறி உட்காருங்கள். இன்னொருவர் அதே இரண்டு புள்ளிக்கு நடுவே அளக்கட்டும். பின் சில்லு மொத்தம் 100 மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசையக்கூடிய வண்டியில், இந்த இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 30 மில்லிமீட்டர் பக்கத்தில் நின்றால் நல்லது. 50, 60 வந்தால் வளையத்தை ஒரு படி மேலே திருப்பி, திரும்பவும் ஏறி உட்கார்ந்து அளக்க வேண்டும். இரண்டு சொக் உள்ள வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும், இது மிக முக்கியம். ஒரு பக்கம் மூன்றிலும் மறுபக்கம் இரண்டிலும் இருந்தால் வளைவில் பின் சில்லு ஒரு பக்கமாக ஆடும்.

வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கல்லு மாதிரி ஆகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். வால் தாழ்ந்து கிடக்காமல், பாரத்தோடும் சரியான உயரத்தில் நிற்கிறது. ஆனால் கடைசிப் படியில் வைத்துக்கொண்டு தனியாக ஓட்டினால் தோட்டத்துக் கல்லு ரோட்டில் பின்பக்கம் துள்ளும். வாரத்தில் ஐந்து நாள் தனியாகவும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடும் போகிறவர் ஞாயிறு காலையில் இரண்டு நிமிடம் செலவழித்து மாற்றிக்கொள்வதே சரி.

சொக்கை முடித்த பிறகுதான் செயின். பாரம் ஏற ஏறச் செயின் இறுகும் என்பதால், ஸ்டாண்டில் போட்டு மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பல பைக்குகளில் நடுப்பகுதி மேலும் கீழும் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவு செயினுக்குப் பக்கத்திலோ புத்தகத்திலோ இருக்கும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், ஆகவே திரும்ப இறுக்க வேண்டி வரும். அப்போது பலர் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. செயினை இறுக்கப் பின் சில்லைப் பின்னுக்கு இழுக்கிறோம். பின் பிரேக் டிரம் வகை என்றால், அந்த இழுவையில், மிதியிலிருந்து டிரம்முக்குப் போகும் கம்பியான பிரேக் ரொட்டும் சேர்ந்து இறுகிவிடும். மிதியில் கால் வைக்காமலே பிரேக் லேசாகப் பிடித்தபடி இருக்கும். சமதரையில் அது தெரியவே தெரியாது. பத்துக் கிலோமீட்டர் இறக்கத்தில் டிரம் கொதித்து, உண்மையிலேயே பிரேக் வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யாது. செயினில் கை வைத்தால் பிரேக் ரொட்டின் கடைசியில் உள்ள நட்டையும் பாருங்கள். மிதி 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா போன பிறகு பிடிக்க வேண்டும், சில்லைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும்.

ஹேண்டிலில் உள்ள பிரேக் லீவர்களின் கோணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது, குறிப்பாக ஸ்கூட்டி ஓட்டும் பெண்களுக்காக. வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டி விரல்களை லீவரில் வைத்தால், முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் ஒரே கோடாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினால் லீவரின் நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். இறக்கத்தில் உடம்பு முன்னுக்கு வழுக்கும், மடங்கிய மணிக்கட்டு அரை மணித்தியாலத்தில் களைத்துவிடும். ஆடி மாத மழையில் கையுறை போட்டு, விரல் விறைத்துப் போயிருக்கும் காலையில் ஒரு தடவை லீவரைப் பிடித்துப் பாருங்கள். கடை வாசலில் சரியாகத் தெரிந்தது அப்போது எட்டாமல் போகலாம்.

டயர் காற்று பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் வண்டி ஓடுவதற்கு முன், நீங்கள் ஓட்டும் ஊரிலேயே அளந்து அடியுங்கள். பல பைக்குகளில் முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்குத் தனியாக என்றால் 28, இரண்டு பேர் என்றால் 32 என்ற கணக்கு. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வேறு சொன்னால் ஸ்டிக்கர் சொல்வதே சரி. புது டயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும் என்பதால் முதல் நூறு கிலோமீட்டருக்கு ஈர ரோட்டில் வண்டியைச் சாய்க்காதீர்கள். பாசி பிடித்த முடக்குகளில் இது இரட்டிப்பு ஆபத்து.

இனி பிரேக். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், இறங்க இறங்க வண்டி எப்படி வேகம் பிடிக்கும் என்று. பைக்குக்கும் அதே சரிவுதான். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு, ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு, நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு என்று நமது நீண்ட இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கவே கூடாது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும், வளைவுக்கு முன்னால் மட்டும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, பிறகு விட்டுவிடுங்கள். தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றுகிறது.

2022இல் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற காலத்தில், இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கமும் எஞ்சினை நிறுத்திவிட்டே இறங்கும் பழக்கமும் பலருக்கு வந்தது. அன்றைய கஷ்டம் அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தயவுசெய்து அதைப் புது வண்டியில் தொடராதீர்கள். இன்ஜெக்ஷன் பைக்கில் கியரில் வைத்து அக்சிலரேட்டரை மூடி இறங்கும்போது எஞ்சினுக்குப் பெற்றோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் விட்டால் எஞ்சின் நின்றுபோகாமல் இருக்கப் பெற்றோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதற்காகச் செய்வது செலவைக் கூட்டுகிறது, பிரேக்கையும் எரிக்கிறது.

ஸ்கூட்டிக்குக் கியர் இல்லை. வேகம் நன்றாகக் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாக விட்டுவிடும், பிறகு வண்டி சைக்கிளைப் போலத் தானாக உருளும். அந்த இடத்தில் அக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகி மூடினால் கிளட்ச் திரும்பப் பிடித்து எஞ்சின் இழுத்துக்கொள்ளும். இதை வீட்டுக்குப் பக்கத்துச் சின்னச் சரிவில் பழகிய பிறகு பெரிய இறக்கத்துக்குப் போங்கள். முன்னால் டிஸ்க் உள்ள வண்டிகளில் பிரேக் ஒயிலையும் நினைவில் வையுங்கள். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய பிறகு 155 பாகையிலேயே கொதிக்கலாம். மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். லீவர் பஞ்சு போல மெத்தென்று ஆகிவிட்டால், எரிந்த வாசம் வந்தால், இரண்டு மூன்று தடவை பம்ப் பண்ணிக்கொண்டே கியரைக் குறைத்து, அகலமான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் ஆற விடுங்கள். பீலித் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும்.

புது பிரேக் முதல் நாளிலேயே முழுசாகப் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும் சமமான ரோட்டில், பின்னால் வாகனம் இல்லாத நேரத்தில், 40இலிருந்து 10க்கு நிதானமாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆற விட்டு, திரும்பக் குறைத்து என்று இருபது தடவை செய்தால் பேட் சமமாகப் பதியும்.

பின்னால் ஆள் ஏறினால் ஹெட்லைட் மேலே தூக்கும். வெளிச்சம் நம் ரோட்டை விட்டு எதிரே வருகிறவரின் கண்ணில் விழும், மூடுபனியில் நம் கண் முன்னாலேயே வெள்ளைச் சுவராக நிற்கும். சொக்கைச் சரிசெய்த பின், இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்த நிலையில், வீட்டுச் சுவருக்கு நேரே வண்டியை வைத்து டிம் லைட்டின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழுகிற மாதிரி ஸ்குரூவைத் திருப்புங்கள். மூடுபனியில் டிம் மட்டும் போடுங்கள்.

கடைசியாக முதல் சேர்விஸ். அது வரைக்கும் எஞ்சினை உச்சச் சத்தத்துக்கு முறுக்க வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டவும் வேண்டாம். புத்தகத்தில் 500 என்றோ 750 என்றோ போட்டிருக்கும் கிலோமீட்டரில் கட்டாயம் ஒயில் மாற்றுங்கள். புது எஞ்சினின் உரசலில் வரும் இரும்புத் துகள் அந்த ஒயிலில்தான் கிடக்கும். அன்றைக்கு வண்டியை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்விடாமல், வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேரையும் ஏற்றி வைத்தே சொக்கின் உயரம், செயின், ஹெட்லைட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பின் பிரேக் ரொட்டையும் ஸ்டீயரிங் பெயாரிங்கையும் ஸ்டாண்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை தெரிந்த எந்தக் கராஜும் இதற்கு மறுப்புச் சொல்லாது.