மனசுல நினைச்சதுக்கே ஜெயிலா? பிசிஆர் கம்ப்ளைண்ட் எழுதறதுக்கு முன்னாடி படிங்க

மனசுல நினைச்சாலே தூக்கி உள்ள வெச்சிடுவாங்கன்னு எஸ்சி, எஸ்டி வன்கொடுமை தடுப்புச் சட்டத்தைப் பத்தி (ஊர்ல பிசிஆர்னு சொல்றது இதைத்தான்) டீக்கடையில பேசறவங்கள்ல முக்காவாசி பேர் அந்த சட்டத்தை ஒரு பக்கம் கூட படிச்சதில்ல. நீங்க யாரைப் பத்தி என்ன நினைச்சுட்டு இருந்தாலும் அது கண்டுக்காது. அடிச்சியா, சாதிப் பேர் சொல்லி திட்டுனியா, வீட்டைக் கொளுத்துனியா, அதைத்தான் கேக்கும். 1989 சட்டம், 2016 ஜனவரி 26லேருந்து திருத்தம் அமல், வரலாறு இவ்ளோ போதும்.

எண்ணத்தை நிரூபிக்கச் சொல்லி அவஸ்தைப்பட்டது பாதிக்கப்பட்டவங்கதான். பத்து வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை இருக்கற குற்றம்னா ஆயுள் தண்டனை குடுக்கற பிரிவு ஒண்ணு இருக்கு, முன்னாடி அதுல "இவர் எஸ்சிங்கற காரணத்தாலதான் செஞ்சான்"னு நிரூபிக்கணும், எவன் வாயால ஒத்துப்பான், கேஸ் அங்கயே படுத்துடும். இப்ப சாதி தெரிஞ்சே செஞ்சான்னா போதும். உங்களையோ குடும்பத்தையோ அவனுக்கு நேர்ல பழக்கம்னா சாதி தெரியும்னே கோர்ட் எடுத்துக்கும், தெரியாதுன்னா அவன்தான் நிரூபிக்கணும். அதனால கம்ப்ளைண்ட்ல "ஒரே ஊர், எங்கப்பா அவங்க வயல்ல வேலை பார்த்தவர்"னு கட்டாயம் எழுதுங்க.

சாதிப் பேர் சொல்லி திட்டுன கேஸ்லதான் நிறைய பேரோட கம்ப்ளைண்ட் நிக்காம போகுது. பொதுப் பார்வையில, அதாவது வெளியாள் பார்க்கற, கேக்கற மாதிரி நடந்திருக்கணும். வெளியாள் யாரும் இல்லாம நாலு சுவத்துக்குள்ள திட்டுனா நிக்காது, லால்குடி பக்கம் ஒரு வருவாய் ஆய்வாளரை ஆபீஸ்குள்ளயே திட்டுன கேஸை 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சு. ஆனா சொந்த வீட்டு வாசல்னாலும் தெருவுல போறவங்க பார்க்கற மாதிரி இருந்தா செல்லும். எந்த இடம், என்ன வார்த்தை, யார் யார் கேட்டாங்க, முதல் கம்ப்ளைண்ட்லயே வரணும். "அசிங்கமா பேசினார்"னு ஸ்டேஷன்ல எழுதற போலீஸ் ரைட்டர் சுருக்கி எழுதினா கையெழுத்து போடாதீங்க, வார்த்தை கூச்சமா இருந்தாலும் அப்படியே எழுதச் சொல்லுங்க. திட்டுனவரும் எஸ்சி, எஸ்டின்னா இந்த சட்டமே வராது. நீங்க கிறிஸ்தவரா மாறியிருந்து எஸ்சி சர்டிபிகேட் கையில வெச்சிருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல அதைத்தான் தோண்டுவார், ஏன்னா கிறிஸ்தவரா மாறினா எஸ்சி தகுதி நிக்காது.

ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் ரசீது கிழிச்சுக் குடுத்து "விசாரிச்சுட்டு கூப்பிடறோம்"பாங்க. சிஎஸ்ஆர் கம்ப்ளைண்ட் வாங்கினதுக்கு ரசீது மட்டும்தான், எஃப்ஐஆர் கிடையாது. இந்த சட்டத்துல எஃப்ஐஆருக்கு முன்னாடி விசாரணையே தேவையில்ல, 2018லயே திருத்தம் வந்தாச்சு, ஸ்டேஷனுக்கு மட்டும் இன்னும் போய் சேரல போல. போடலைன்னா அதே கம்ப்ளைண்ட்டை எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566க்கும் கூப்பிடலாம். விசாரிக்கறவர் டிஎஸ்பிக்கு குறைஞ்சவரா இருக்கக் கூடாது, எஸ்ஐ வந்து சாட்சி எழுதுனா அதுவே பின்னாடி எதிர்த்தரப்புக்கு பாயிண்ட் ஆயிடும். "சமாதானமா போயிடுங்க, இல்லன்னா உங்க மேலயும் கவுண்ட்டர் கேஸ் வரும்"னு உக்கார வெச்சு பேசுனா எந்த பேப்பர்லயும் கையெழுத்து வேண்டாம்.

பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு தர்ற நிவாரணப் பணத்துக்கு தீர்ப்பு வரணும்னு கலெக்டர் ஆபீஸ்ல யாராவது சொன்னா நம்பாதீங்க. பெரும்பாலான கேஸ்ல எஃப்ஐஆர் போட்டதும் ஒரு பங்கு, சார்ஜ் ஷீட் போனதும் ஒரு பங்கு, மிச்சம்தான் தண்டனை வந்தப்புறம். ஆதிதிராவிடர் நல அலுவலகத்துல எழுதிக் குடுத்து கையோட நகல்ல சீல் வாங்கிக்கங்க.

நீங்க கம்ப்ளைண்ட் குடுத்த ஆள் ஜாமீன் கேட்டா உங்களுக்கு நோட்டீஸ் வரணும், உங்க பேச்சையும் கேக்கணும். நோட்டீஸ் தராமலே தந்த மாதிரி காட்டறதும் நடக்குது, அதனால ஸ்பெஷல் கோர்ட் அரசு வக்கீல்கிட்ட உங்க நம்பரை முதல் வாரமே குடுத்துடுங்க.