டர்க்: கடற்படைக் குற்றுடைவாள்

பிரிட்டிஷ் கடற்படையில் மிட்ஷிப்மேன் எனப்படும் பயிற்சி அதிகாரிகள் சீருடையுடன் இடுப்பில் அணிந்த சிறிய வாளே ‘டர்க்’. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கப்பலேறிய சிறுவர்களுக்கு முழுநீள வாள் ஒத்துவராததால், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது பெரிதும் பரவியது.

சொல்லின் பிறப்பு தெளிவாக இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து எழுத்துகளில் ‘டோர்க்’, ‘டுர்க்’ எனத் தடுமாறிய வடிவம், 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிக்குப் பிறகே இன்றைய நிலையை எய்தியது. அவர் இதை ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் மொழியான கேலிக்கின் சொல் என்று குறித்தது ஏற்புடையதன்று. அம்மொழியில் இக்கருவியின் பெயர் முற்றிலும் வேறு. அம்மலைநாட்டாரின் குத்துவாளுக்கும் டர்க் என்றே பெயர்; அதில் கைக்காப்பு இராது, கடற்படையினதில் குறுக்குக் காப்பு உண்டு என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது.

தொடக்கத்தில் இதற்கு விதி ஏதும் இல்லை. நேரலகு, வளைந்த அலகு, தந்தப்பிடி, நீலமேற்றிப் பொன்முலாம் பூசிய அலகு என அதிகாரியின் விருப்பமும் பணப்பையும் அனுமதித்தபடியெல்லாம் செய்துகொண்டனர். சேகரிப்பாளர்களை மிகவும் ஈர்ப்பவை இவைதாம். 1856இல் ஒரே வடிவம் விதிக்கப்பட்டபின், பிடியின் முனையில் சிங்கத்தலைக் குமிழும் வெள்ளை மீன்தோல் பிடியும் நிலைபெற்றன. பிற்கால அலகில் பொறித்த அரசமுத்திரை காலங்கணிக்க உதவும்: ‘விஆர்’ விக்டோரியாவையும், ‘ஜிஆர்’ ஜார்ஜ் மன்னரையும் குறிக்கும். தந்தப்பிடி உள்ளதை பிரிட்டனில் வாங்கவோ விற்கவோ நினைப்பவர் தந்த வணிகத்தைத் தடுக்கும், 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1947க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள பொருளுக்கு, பதிவு செய்தால், விலக்குண்டு.

தமிழில் எதைக் கொள்வது? கட்டாரி பொருந்தாது, அது குறுக்குப்பிடியைக் கைமுட்டியில் பற்றிக் குத்தும் வேறு கருவி. பிச்சுவா வளைந்த குத்துக்கத்தி. ‘குறுவாள்’ பிழையன்று, ஆனால் எல்லாக் குட்டை வாள்களையும் அடக்கும் பொதுப்பெயர். உடையோடு இடையில் அணிவது உடைவாள். அதன் குறுவடிவம் குற்றுடைவாள். சீருடையின் உறுப்பாக அணியப்பட்ட இதற்கு அச்சொல்லே நெருக்கமானது. சேகரிப்புப் பட்டியலில் ‘1856 வடிவக் கடற்படைக் குற்றுடைவாள்’ என்றே எழுதலாம். ஸ்காட்லாந்தினதை ‘மலைநாட்டு டர்க்’ என்று விட்டுவிடுவதே குழப்பம் தராது.