முள் ஆடுகிறது, கிலோமீட்டர் ஏன் ஓடவில்லை?

கயத்தாறு வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய லாரி. ஸ்பீடு காட்டும் முள் ஒழுங்காக ஏறி இறங்குகிறது. கிலோமீட்டர் மட்டும் 49,999லேயே நிற்கிறது. கேபிளை மாற்றியும் சரியாகவில்லை."

கேபிள் காசு வீண். முள் ஆடினாலே கேபிள் சுற்றுகிறது என்று அர்த்தம். கியர் பாக்ஸின் பின்பக்கம் உள்ள சின்னப் பல்சக்கரம் கேபிளைச் சுற்றுகிறது. அது மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே சுழல்மின்னோட்டத்தால் இழுக்க, முள் ஏறுகிறது. எண்களை ஓட்டுவதோ அதே தண்டிலிருந்து பிரியும் பற்சக்கரங்கள். இரண்டுமே செத்திருந்தால்தான் கேபிளையும் கியர் பாக்ஸ் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அதற்குச் சுலபமான சோதனை உண்டு. கிலோமீட்டருக்கு 1,000 சுற்று என்ற கணக்கில் செய்த மீட்டர் என்றால், மீட்டரின் பின்னால் கேபிளைக் கழற்றிவிட்டு லாரியை ஒரு மீட்டர் தூரம் தள்ளினால் கேபிளின் சதுர முனை ஏறக்குறைய ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். தூத்துக்குடி உப்பு லோடு அடிக்கும் வண்டிகளில் கேபிளின் கீழ் முனை துருப்பிடித்து அறுந்திருக்கும். புதுக் கேபிளுக்கு கிரீஸ் போடும்போது மேல்முனையில் ஒரு சாண் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறி முள்ளைக் கெடுக்கும். ஆயுத பூஜைக்கு மீட்டருக்குச் சந்தனம் வைப்பவர்கள் அன்றைக்கே கேபிளுக்கு கிரீஸும் வைத்தால் மீட்டர் உண்மையிலேயே நீண்ட நாள் உழைக்கும்.

இனி எண் உருளைகள். இந்த வேலைப்பாடு அலுக்கவே அலுக்காது. ஒவ்வொரு உருளையின் ஒரு பக்கத்திலும் 20 பற்கள். மறுபக்கம் இரண்டே பற்கள். இரு உருளைகளுக்கு இடையே 8 பல்லுள்ள குட்டிச் சக்கரம். வலது உருளை 0 முதல் 9 வரை போகும்வரை அதன் விளிம்பு குட்டிச் சக்கரத்தின் இரு நெட்டைப் பற்களுக்கு நடுவே வழுக்கி ஓடி, அதைத் திரும்பவிடாமல் பூட்டி வைக்கும். 9 முடிந்து 0 வரும் நேரத்தில் அந்த இரண்டு பற்கள் குட்டிச் சக்கரத்தைத் தள்ளும். அது இடது உருளையை 20இல் 2 பல், அதாவது சரியாகப் பத்தில் ஒரு பங்கு நகர்த்தும். பள்ளிக்கூடத்தில் கூட்டலில் 'மீதி ஒன்று' வைப்போமே, அதையே பித்தளையும் பிளாஸ்டிக்கும் செய்கின்றன.

49,999 சந்தேகத்தைக் கிளப்பும் எண். அடுத்த கிலோமீட்டரில் எல்லா உருளைகளும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். உராய்வு முழுவதும் உருளைகளை ஓட்டும் ஒரே பற்சக்கரத்தின் தலையில் விழும். தாழையூத்து சுண்ணாம்புத் தூசி புகுந்து உருளைகள் இறுகியிருந்தால் அங்கேதான் பல் உடையும், அல்லது சக்கரம் தண்டில் வழுக்கும்.

மீட்டரைக் கழற்றி, மடித்திருக்கும் வளைய விளிம்பைத் தட்டை ஸ்குரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, இருபுறமும் ஒவ்வொரு ஸ்பூன் கொடுத்து நெம்பி எடுங்கள். மயிரிழை ஸ்பிரிங்கில் கைபடக் கூடாது. உள்ளே சக்கரம் திரும்பி, தண்டு திரும்பாமல் இருந்தால் வழுக்கல்தான்: தண்டைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, ஊசிமுனை அளவு அரால்டைட் வைத்து ஒருநாள் காயவிட்டால் போதும். பல்லே போயிருந்தால் பசை நிற்காது. பழைய மீட்டரிலிருந்து பல்லை எண்ணிப் பார்த்து அதே சக்கரத்தைப் போட வேண்டும். உருளைகளைத் தின்னரால் துடைத்தால் எண்கள் அழிந்துவிடும். உலர்ந்த பிரஷ் போதும், தண்டு முனைகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. எண்களை ஒரே வரியில் நிறுத்தித்தான் குட்டிச் சக்கரத் தண்டைத் திரும்ப மாட்ட வேண்டும். ஒன்று பாதி திரும்பியிருந்தாலும் முதல் 'மீதி ஒன்று' வரும்போதே இறுகிவிடும்.

பழைய எண்ணையே வையுங்கள், குறைக்காதீர்கள். பின்னோக்கி ஓட்ட நினைப்பவருக்கு ஒரு கணக்கு: 1,000 சுற்று மீட்டரை நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் டிரில்லால் திருப்பினால் 60 கிலோமீட்டர் வேகம்தான், 10,000 கிலோமீட்டரைக் குறைக்க கிட்டத்தட்ட ஏழு நாள் இரவும் பகலும் டிரில் ஓட வேண்டும்.

பொருத்தியபின் நான்குவழிச் சாலையில் நாங்குநேரிப் பக்கம் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். 9.7 காட்டினால் மீட்டரைத் திரும்பப் பிரிக்க வேண்டாம். 9.00-20 டயர் இருந்த இடத்தில் 10.00-20 போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரிய டயர் சுற்றுக்கு 3 சதவீதம் அளவு கூடுதல் தூரம் போகும். கியர் பாக்ஸ் பக்கம் பொருத்தமான பல் எண்ணிக்கையுள்ள சக்கரம் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் டீசல் கணக்கெழுதும்போது 1.03ஆல் பெருக்கிக்கொள்ளலாம்.