வேகம் கூடிய பின் சலவை எந்திரம் அமைதியாவது ஏன்?

துணியைப் பிழியத் தொடங்கும்போது தடதடவென்று ஆடும் சலவை எந்திரம், வேகம் பல மடங்கு உயர்ந்த பிறகு எப்படி அடங்கிவிடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேகத்தோடு ஆட்டமும் கூடத்தானே வேண்டும் என்ற அவருடைய ஐயம் நியாயமானது.

சுழலும் உருளையில் துணி துவைக்கும் கருவிக்கு ஹென்றி சிட்ஜியர் 1782இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்மோட்டார் வந்து சேர்ந்தது. 1937இல் அமெரிக்காவில் வெளியான பென்டிக்ஸ் எந்திரம் துவைத்தல், அலசுதல், பிழிதல் மூன்றையும் தானே செய்தது. ஆனால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

காரணம் எளிய கணக்கில் விளங்கும். 25 செ.மீ. ஆரமுள்ள உருளை நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றால், விளிம்பிலுள்ள துணியின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்காகிறது. ஒரு பக்கத்தில் அரை கிலோ ஈரத்துணி கூடுதலாக ஒட்டியிருந்தாலே, 200 கிலோ எடைக்கு நிகரான விசை அச்சைச் சுற்றிச்சுற்றி இழுக்கும். அச்சை இறுகப் பிடித்தால் அவ்விசை முழுவதும் தரைக்கே போகும்.

ஆகவே இன்றைய எந்திரங்களில் உருளையும் அதைத் தாங்கும் தொட்டியும் சுருள்வில்களில் ஊசலாட விடப்படுகின்றன. ரப்பர் பட்டையில் ஓர் எடையைத் தொங்கவிட்டுக் கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தால், எடை கையோடு சேர்ந்தே செல்லும். மிக விரைவாக அசைத்தால், கை மேலே போகும்போது எடை கீழே வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வேகத்தில் எடை கட்டுமீறித் துள்ளும், அதுவே ஒத்ததிர்வு. உருளைக்கும் இதுவே நேர்கிறது. மெதுவாகச் சுழலும்போது கனமான பக்கம் வெளிநோக்கித் தள்ளப்படுகிறது. ஒத்ததிர்வு வேகத்தைத் தாண்டியதும் உருளை எதிர்ப்புறம் விலக, கனமான பக்கம் உள்நோக்கி வந்துவிடுகிறது. தொட்டி, உருளை, துணி அனைத்தின் பொது நிறைமையம் ஏறக்குறைய அசையாமல் நிற்க, மற்றவை அதைச் சுற்றுகின்றன. சுழலும் பொருள் தன் மையத்தைத் தானே தேடிக்கொள்ளும் இந்தச் செயலைவிட அழகான ஒன்று வீட்டுக் கருவிகளில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மொத்த நிறை 50 கிலோ என்றால், அந்த அரை கிலோவால் ஏற்படும் விலகல் வெறும் 2.5 மி.மீ. நிறை கூடினால் விலகல் இன்னும் குறையும் என்பதால்தான், பல எந்திரங்களில் தொட்டியோடு கான்கிரீட் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்.

இத்தகைய ஒத்ததிர்வு வேகத்தைத் தாண்டி எந்த அச்சும் சுழல முடியாது என்று 1869இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் எழுதினார். சுவீடன் பொறியாளர் டி லாவால் தம் நீராவிச் சுழலியில் மெல்லிய, வளையும் அச்சை வைத்து அதைத் தாண்டிக் காட்டினார். 1895இல் ஜெர்மன் அறிஞர் ஃபோப்பிலும், 1919இல் பொறியியல் அறிஞர் ஜெஃப்காட்டும் அதற்கான கணிதத்தைத் தந்தார்கள். இவர்களில் எவரும் சலவையை நினைத்து உழைக்கவில்லை. அடிப்படை ஆய்வுக்கு நிதி ஒதுக்குமுன் உடனடிப் பயனைக் கேட்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் காணும் நடுக்கம், உருளை அந்த ஒத்ததிர்வைக் கடக்கும் சில நொடிகளுக்குரியது. அதிர்வுத் தணிப்பான்கள் அதை மட்டுப்படுத்துகின்றன. சில எந்திரங்களில் உருளையின் விளிம்பில் உப்புநீர் நிரப்பிய வளையம் ஒன்றும் உண்டு. ஒத்ததிர்வைக் கடந்ததும் அந்த நீர், கனமான பக்கத்துக்கு நேரெதிரே தானாகவே திரண்டு எடையைச் சமன்செய்கிறது. கடப்பதற்கு முன்போ அது கனமான பக்கத்திலேயே சேர்ந்து, ஆட்டத்தைச் சற்று அதிகமாக்குகிறது.